மூணு சக்கர வண்டியில் இடது பக்கம் திரும்புவது

விபத்துக்குப் பிறகு என் வலது முட்டி சரியாக மடங்காது என்று ஆகிவிட்டது. பெருங்களத்தூர் வீட்டிலிருந்து வண்டலூரில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு ஆட்டோதான் கதி. ஆட்டோ வராத நாளில் யாரையாவது கெஞ்ச வேண்டும். நானாவது, கெஞ்சுவதாவது. பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும், அவருக்குத் திருப்தியானால்தான் தனியாகப் போகலாம். எனக்கு வந்ததே கோபம். கால் என்னுடையது, வேலை என்னுடையது, திருப்தி மட்டும் அவருக்கா? ஆனாலும் சரி என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

நேர் ரோட்டில் அந்த வண்டி தங்கம். திருப்பத்தில்தான் அதன் குணம் தெரியும். பைக் தானே சாய்ந்து கொடுக்கும். காருக்கு அகலம் இருக்கிறது, கவலையில்லை. இது சாயவே சாயாது, விறைத்துக்கொண்டு நிற்கும். இடது பக்கம் திருப்பினால் நம்மை வலது பக்கம் தள்ளும்; கொஞ்சம் வேகம் கூடினால் இடது சக்கரம் தரையை விட்டே கிளம்பிவிடும். ஆட்டோவில் போன மாதங்களில் ஒன்றைக் கவனித்திருந்தேன். திருப்பம் வந்தால் டிரைவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்களோ அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருவார்கள். நானும் அப்படியே சாய்ந்து ஓட்டப் பழகினேன்.

பின்னால் உட்காருகிறவரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு, திருப்பத்தில் ஆடாதே, அசையாமல் உட்கார் என்று திட்டியவர் அவர். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு தண்ணீர் லாரி பின்னாலேயே விடாமல் ஹாரன் அடித்தது. பதறிப்போய், வேகத்தைக் குறைக்காமல் திருப்பிவிட்டேன். நான் சாய்ந்தேன். அவர் பிள்ளையார் சிலை மாதிரி நிமிர்ந்தே இருந்தார். இடது சக்கரம் தூக்கிவிட்டது.

"இடது பக்கம் சாய்ங்க!"

மனுஷர் மறுபேச்சில்லாமல் சாய்ந்தார். சக்கரம் தொப்பென்று இறங்கியது. ஓரமாக நிறுத்தினேன். அவ்வளவுதான், சாவியைக் கேட்கப் போகிறார், இனி ஆயுசுக்கும் ஆட்டோதான் என்று அழுகையே வந்துவிட்டது. அவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

"இன்னொரு ரவுண்டு போலாம். இந்தத் தடவை நீ சொல்றதுக்கு முன்னாடியே சாயறேன்."

அந்த வார்த்தைக்கு நான் அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். நேரில் சொல்லவில்லை, சொன்னால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலத்தில் தெருத்தெருவாகச் சுற்றினோம். முனைக்கு முனை நாங்கள் ஜோடியாகச் சாய்வதைப் பார்த்து எதிர் வீட்டு அக்கா, என்ன டூயட்டா என்று கிண்டல் செய்தார். செய்யட்டும்.

இப்போது தனியாகத்தான் போய்வருகிறேன். எங்கள் பால்கனியில் நின்றால் தெருமுனை தெரியும். ஒருநாள் காலை அந்த முனையில் வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் சாய்ந்தபடியே கண்ணாடியைப் பார்த்தேன். பால்கனியில் டீ டம்ளரோடு நின்றவரும் என்கூடவே சாய்ந்துகொண்டிருந்தார்.