மாமாவின் லாரி நெற்றியில்

எங்கள் நெல்லிவாசல் மலைப்பக்கம் லாரி ஒன்று ஏறி வந்தால், முதலில் அதன் நெற்றியைத்தான் படிப்போம். முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் பெயர் அங்கே பெரிதாக எழுதியிருக்கும். என் மாமா, அம்மாவின் தம்பி, வருஷக்கணக்கில் ஊரார் பிள்ளைகளின் பெயரைச் சுமந்துகொண்டு புளி ஏற்றிக் கண்ணமங்கலத்துக்கு ஓட்டியவர். "நான் சொந்த லாரி வாங்குனா உன் பேருதான்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு மாமா கனடாவுக்குப் போய்விட்டார். மலைப்பாதையின் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் அலட்சியமாக ஒடித்துத் திருப்பியவருக்கு, அங்கே அ, ஆவிலிருந்து சொல்லிக்கொடுத்து லைசென்ஸ் கொடுத்தார்களாம். அங்கேயும் வேறு முதலாளியின் வண்டிதான்; தூக்கம் சீட்டுக்குப் பின்னாலிருந்த கட்டிலில். மாமாவின் மனைவி, என் அத்தை, எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவர் எத்தனை கூப்பிட்டும் போக மறுத்துவிட்டாள். போன் வந்தால் அம்மாதான் பேசுவாள். "கல்லு மனசு அந்த ஆளுக்கு" என்று அத்தை ஒருமுறை சொன்னது என் காதில் விழுந்தது. ஏனென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது மாமா சொந்தமாகவே லாரி வாங்கினார். இனி சரக்குப் பிடிப்பது, டீசல், ரிப்பேர் எல்லாம் அவர் தலையில்தான். பூஜையை வீடியோ காலில் பார்க்க, டவர் கிடைக்கும் மேட்டுக்குக் குடும்பமே ஏறினோம். வண்டி எங்கே நின்றாலும் திருஷ்டி திருஷ்டிதான் என்று, இங்கேயே உடைக்க அம்மா ஒரு பூசணிக்காய் கொண்டு வந்திருந்தாள். அத்தையையும் இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தாள். நான் பவுடர் போட்டுக்கொண்டு என் பெயரைப் பார்க்கப் போயிருந்தேன்.

போனில் தெரிந்த கனடாவில் ஒரே பனி. மாமா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, போனை மெல்ல வண்டியின் நெற்றிக்கு உயர்த்தினார். 'தேன்மொழி' என்று தமிழில் ஒட்டியிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு மாமா அது தேன்மொழி? என் பேரு இன்னாச்சி?" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். தூக்கிய பூசணிக்காயோடு அப்பா அப்படியே நின்றுவிட்டார். அத்தை முகமெல்லாம் வெளுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த அதிர்ச்சி எல்லோருக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அத்தை போனைப் பிடுங்கினாள். "இத்தினி நாள்ல ஒரு தபாவாவது அந்தப் பேரச் சொல்லியிருப்பியா நீ" என்றாள். மாமா "தேன்..." என்று ஆரம்பித்து உடைந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தை, "அங்க ரொம்பக் குளிராமே, இன்னா எடுத்துனு வர்றது" என்று கேட்டாள்.

அத்தைக்கு ஒரு பெண் பிறந்து, தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்த சில நாளிலேயே போய்விட்டது என்பது நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. புதைத்த மறுநாளே லோடு ஏற்றப் போன மாமாவை அத்தை அந்தப் பூஜை நாள்வரை மன்னிக்கவில்லை.

மேட்டிலிருந்து இறங்கும்போது அத்தை என்னை இறுக அணைத்துக்கொண்டு அழுதபடியே வந்தாள். மாமா என்னை ஏமாற்றியதற்காக ஒருத்தியாவது அழுகிறாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

"வுடு அத்த, அடுத்த லாரிக்கு என் பேரு வெக்கட்டும்" என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.