போட்டோவுக்கு நின்ற வேன்

புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு விளம்பரம் செய்கிறவர்களும் நன்கொடை திரட்டுகிறவர்களும் கூடிய மாநாடு, கீரனூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. எங்கள் மருத்துவமனையின் துண்டறிக்கைகளை எழுதுவது என் வேலை. "மார்பில் கட்டி தென்பட்டால் உடனே வாருங்கள், பயப்படாதீர்கள்" என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, நாலு மாதமாக இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன், இருக்கும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பவுடர் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விடுவேன்.

மண்டபத்துக்காரர்களுக்குக் கல்யாணம் நடத்தித்தான் பழக்கம். வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு சோபாவில், சென்னையிலிருந்து வந்த விளம்பர நிபுணரும் எங்கள் மேலாளரும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். மண்டப மேனேஜர் என்னிடம் வந்து, "மொய் எழுத ஆளு நீங்களே கொண்டாந்துட்டீங்களா, நாங்க ஏற்பாடு பண்ணவாங்க?" என்று கேட்டார். மொய் விருந்து வைத்தே பணம் திரட்டிக் கடை திறக்கிற ஊர்க்காரர். நன்கொடை திரட்டுவது எப்படி என்று பேச அவரை மேடையேற்றியிருந்தால் நிபுணர் வாயடைத்துப் போயிருப்பார்.

நிபுணர் மதியம் வரை ஒரே விஷயத்தைப் பேசினார். போஸ்டரில் நோயாளியின் முகம் எப்படி இருக்க வேண்டும்? அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது, நம்பிக்கையோடு ஒரு சோகம் வேண்டுமாம். எல்லோரையும் அந்த முகத்தை வைத்துக் காட்டச் சொன்னார். மண்டபம் முழுக்க வயிற்றுவலி வந்தவர்கள் மாதிரி மேலே பார்த்தார்கள். என் முகம்தான் சரியாக வந்திருக்கிறது என்று மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் எந்த முகத்தையும் வைக்கவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் மார்பகப் பரிசோதனை வேனை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே மெஷின், ஏசி, ஒரு நர்ஸ். வந்தவர்கள் எல்லாம் வேனுக்கு முன்னால் நின்று கட்டைவிரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெயிலில் உருகிவிடும் என்று பந்திக்கு வந்த ஐஸ்கிரீம் பெட்டிகளை அதற்குள் ஏற்றினார்கள். பரிசோதனைக்கு மட்டும் ஒருத்தரும் ஏறவில்லை. நான் எழுதிய துண்டறிக்கை எல்லோர் பையிலும் இருந்தது. பஜ்ஜியை வைத்து எண்ணெய் பிழிய நல்ல தாள் என்றார்கள்.

பந்தி முடிந்ததும் பாத்திரம் கழுவும் அம்மா ஒருவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார்.

"ஏம்மா, இது நெசமாவே பாக்குற வண்டியா, போட்டோவுக்கு நிப்பாட்டியிருக்கா?"

"நெசமாவே பாக்குறதுதாங்க. நீங்க ஏறுங்க."

"அப்ப ஒங்க ஆளுக ஏன் யாரும் ஏறல?"

நான் வேன் கதவை அகலமாகத் திறந்துவிட்டேன்.

"தனியாப் போகப் பயமாருக்கு. நீயும் கூட வாம்மா."

அவர் பின்னால் போய் நின்றேன். அதைப் பார்த்துவிட்டு மேலாளர் கேமராக்காரரோடு ஓடி வந்தார். "சூப்பர் மேடம்! காலையில வச்சீங்கள்ல, அந்த மூஞ்சிய வைங்க." வைத்தேனோ என்னவோ, படம் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா கொஞ்ச நேரத்தில், "நர்சம்மா கைக்கு ஒண்ணும் தட்டுப்படலையாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஐஸ்கிரீமோடு இறங்கினார். அடுத்து நான். மெஷினை மறைத்து அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்து நின்றேன். நர்ஸ் சின்னப் பெண். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. சுற்றிவிட்டு மறுபடியும் அங்கேயே வந்தது.

"எத்தன நாளா இருக்குக்கா?"

"நாலு மாசம்."

அவள் திட்டவில்லை. "டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்குக் கண்டிப்பா வந்துருங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தாள். பார்த்தால், என் துண்டறிக்கை.

வேன் படியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரே பக்கத்தில் ஐந்து இடத்தில் பயப்படாதீர்கள் என்று இருந்தது. பயந்தால் என்ன செய்வது என்று ஓரிடத்திலும் இல்லை. எழுதியவளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அழுகை வந்துவிட்டது.

கீழே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா பாதி ஐஸ்கிரீமை என் பக்கம் நீட்டினார். "திங்கக்கிழமதான? நான் கூட வாரேன்" என்றார்.