டீச்சர் என்று கூப்பிட்ட நான்கு மாதங்கள்

என் கணவருக்கு மறதி நோய் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சொன்ன வருடத்தில், அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார்.

நான் டீச்சர் இல்லை. குருவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவள். பால் வெட்டப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைப்பது என் வேலை. அவர் அதே தோட்டத்தில் தொழிலாளரை மேற்பார்த்துப் பேர் பதியும் கணக்கப்பிள்ளை. அவர் வரும் சத்தம் கேட்டால் மலையில் வேலை செய்பவர்களின் பேச்சு நின்றுவிடும். வீட்டிலும் அப்படித்தான். முப்பத்தாறு வருடத்தில் என்னை "இந்தா" என்பதைத் தவிர வேறு எப்படியும் அவர் கூப்பிட்டதில்லை.

முதன்முதலாக அப்படிக் கூப்பிட்ட அன்றைக்கு நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சர், உள்ள வரலாமா?"

முதல் இரண்டு நாள் திருத்திப் பார்த்தேன். "நான் டீச்சர் இல்லீங்க, ஒங்க பொண்டாட்டி" என்பேன். அவர் கூச்சத்தோடு சிரிப்பார். "அது ஊருக்குப் போயிருக்கு டீச்சர், வந்துரும்" என்பார். பிறகு விட்டுவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, அது எனக்குப் பிடித்திருந்தது. நான் உட்காரும்வரை அவர் சாப்பிட உட்காரமாட்டார். மங்குஸ்தான் காலத்தில் கனிந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, என் தட்டோரத்தில் வைப்பார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா வந்து பார்த்துவிட்டு, "பவ், இப்ப எவ்வளவு நல்ல மனுசன்" என்றாள். பாவம் என்று அவர் மேல் இரக்கப்பட்டாள். என் மனதிலோ, இந்த மனிதர் இத்தனை காலம் எங்கே இருந்தார் என்றுதான் ஓடியது.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு மழை மத்தியானம், பிளேன்டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க எந்த ஸ்கூலு டீச்சர்?"

கல்யாணமான இரண்டாம் வருடம் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. பலாங்கொடைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். கடிதம் அவர் கையில்தான் கிடைத்திருக்கிறது. அதைத் தொழிலாளர் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வாயே திறக்கவில்லை. அலமாரி துடைக்கும்போது நான் கண்டெடுத்தேன். அப்போது வேலை ஏற்க வேண்டிய தேதி போய் பதினொரு நாள். கேட்டபோது, "பொம்பள தனியாப் போயி போர்டிங்ல தங்குறதா? போனது போச்சு. பிள்ளைக் காம்பராவுல கேட்டு வாங்கித் தாரேன்" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை.

அந்த மழை மத்தியானம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தை ஒளித்த ஆள் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முகம் சிவந்தது.

"யாரு டீச்சர் அந்த ஆளு? செய்யிற வேலையா அது? எங்க இருக்கான்னு சொல்லுங்க, நான் போயிப் பேசுறேன்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். முப்பது வருடத்துக்கும் மேலாக யாராவது சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கியதை அவரே சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு அது போதவில்லை.

"நீங்கதான் அந்த ஆளு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா?" என்றார். கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லயே டீச்சர். நானா செஞ்சேன்?" பெரிய துரையின் முன்னால் நிற்கும் தொழிலாளியைப் போல எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் காலையில் அவருக்கு அது நினைவில்லை. எனக்கு இருந்தது. செய்தது தெரியாதவன் கேட்ட மன்னிப்பு எனக்கு எதற்கு என்று தோன்றியது. திரும்பவும் சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதிய செய்தி. ஒவ்வொரு தடவையும் அதே "நானா?", அதே கைகள். ஒரு தடவையாவது பழைய மனிதர் எழும்பி வந்து, ஆமாம், நான்தான் செய்தேன் என்று சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். அவர் வரவே இல்லை. அவருக்குப் பதில் இவர் அழுதார்.

சொன்ன விசயம் மறந்தது. சொன்ன ஆள் மீதான பயம் மட்டும் மறக்கவில்லை. டீச்சர் என்பது நின்றது. நான் அறைக்குள் போனால் தட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போவார். என் கையால் மருந்து வாங்கமாட்டார். அவிசாவளையிலிருந்து மகள் வந்து இரண்டு நாள் தங்கினாள். இரண்டாம் நாள் அடுப்படியில் வைத்துக் கேட்டாள்.

"அம்மா, அப்பா ஏன் ஒங்களப் பாத்தாப் பயப்புடுறாரு?"

"நோயி அப்படி" என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே அவர் நன்றாகச் சாப்பிட்டாராம், சிரித்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போவேன். பேசாமல், தூரமாக உட்கார்ந்து பார்த்தேன். உரித்த தோடம்பழம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் என்னிடமிருந்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் தின்றார். ஏழு மாதத்தில் அங்கேயே போய்விட்டார்.

தோட்டத்துக்குக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்தோம். வந்தவர்கள் எல்லோரும் கணக்கப்பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள். கண்டிப்பானவர் என்றார்கள், ஒரு பேர்கூடப் பிழையாகப் பதியாதவர் என்றார்கள். எல்லாம் உண்மைதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்ட மனிதரை அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவரைப் பற்றி யாரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.