தலைவர் வரும்வரை

பேச்சுக்கு வாங்கும் காசை அந்தக் காலத்தில் யாரும் காசு என்று சொல்லமாட்டார்கள். வழிச்செலவு என்பார்கள். கூட்டம் முடிந்து மாலையைக் கழற்றும்போது, ஏற்பாடு செய்தவர் கைகுலுக்குகிற சாக்கில் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிடுவார். ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்கு நடந்தே போய் நடந்தே வந்தாலும் அது வழிச்செலவுதான். அதில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அதற்கு முன் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு வேளையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். குரல் கணீரென்று இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றில் மேடை ஏற்றிவிட்டார்கள். பிறகு வாசகசாலை விழா, தொழிலாளர் கூட்டம், தேர்தல் கூட்டம், இரங்கல் கூட்டம். கிடங்கில் ஆள் குறைத்தபோது முதலில் என்னை அனுப்பினார்கள். பேச்சே பிழைப்பாகிவிட்டது.

பெரிய பேச்சாளன் என்று நினைத்துவிட வேண்டாம். தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒலிபெருக்கியெல்லாம் எங்கள் பக்கத்துக் கூட்டங்களுக்கு வந்திருக்கவில்லை. கடற்காற்றைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். வீடு திரும்பினால் தொண்டையில் ஒன்றும் மிஞ்சாது. மிளகையும் பனங்கற்கண்டையும் வாயில் அடக்கிக்கொண்டு சைகையிலேயே சோறு கேட்பேன்.

"ஊருக்கெல்லாம் பேசிகினு கீறே, எனக்கு மட்டும் ஊமையா?" என்று என் மனைவி ஆரம்ப வருஷங்களில் கேலி செய்வாள். பிறகு அவளும் சைகைக்குப் பழகிவிட்டாள்.

ஓர் ஐப்பசியில் விடாமல் மழை பெய்து சடையங்குப்பம் முழுகிவிட்டது. வியாபாரிகள் சேர்ந்து நிவாரணக் கமிட்டி அமைத்து, அதன் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். அன்று காலைதான் ராயபுரத்தில் ஓர் இரங்கல் கூட்டத்தில், முன்பின் பார்த்திராத மனிதருக்காகத் துக்கப்பட்டுவிட்டு வந்திருந்தேன். மாட்டுவண்டியில் அரிசி மூட்டைகளோடு நானும் ஒரு மூட்டையாகப் போய்ச் சேர்ந்தேன்.

மேட்டில் மண்ணெண்ணெய்ப் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு மேடை தயாராக இருந்தது. எதிரே சேற்றில் ஜனங்கள் நின்றார்கள். அரிசியைத் தலைவர் தம் கையால் கொடுக்க வேண்டுமாம். அதனால் தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகளை வண்டியை விட்டு இறக்கவில்லை. தலைவரின் மோட்டார் திருவொற்றியூர் தாண்டிச் சேற்றில் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது.

"கொஞ்சம் இழுத்துப் பேசுங்க" என்றார் கமிட்டிக் காரியதரிசி.

இழுத்தேன். தைரியம் வேண்டும் என்றேன். காலையில் இரங்கல் கூட்டத்தில் இறந்தவரின் மனைவிக்குச் சொன்ன அதே தைரியம். என் குரல் வேறு யாருடையதோ போல எனக்கே கேட்டது. மறுபடி தூறல் பிடித்தது. யாரும் நகரவில்லை. என் பேச்சுக்காக அல்ல, அரிசிக்காக.

இடுப்பில் குழந்தையோடு முன்னால் நின்ற ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"நைனா, பேசி முட்ச்சிட்டியா?"

"இல்லம்மா, தலைவர் வந்துகினு கீறாரு."

"அவரு வரட்டும். நீ கொஞ்சம் எறங்கினா அந்தப் பலகையை எடுத்துக்குவோம். வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. கொயந்தைங்களைப் படுக்க வைக்க எடமே இல்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோலக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் தலைவர் வருமுன் நான் மேடையை விட்டு இறங்கியதில்லை. இறங்கினேன்.

காரியதரிசி ஓடிவந்தார். "வாடகைப் பலகை ஐயா! தலைவர் எங்கே நிப்பார்?"

"தரையிலே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு பலகையின் முனையைத் தூக்கினேன். மறுமுனையை அவள் குழந்தையோடு பிடித்தாள். அதற்குள் ஆண்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெட்டிகள்கூட மிஞ்சவில்லை.

தலைவர் வந்தபோது ஏறி நிற்க இடமில்லை. சேற்றில் செருப்பு புதைய நின்று இரண்டு வாக்கியம் பேசிவிட்டு அரிசியைக் கொடுத்தார். ஜனங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. காரியதரிசி என் கையைக் குலுக்கவில்லை. அந்தக் கமிட்டி பிறகு என்னைக் கூப்பிடவும் இல்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி என் வேட்டியிலிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, "நல்லதுதான் பண்ணே. நாளைக்கு இன்னா கூட்டம்?" என்றாள்.

மறுநாள் கூட்டம் எதுவும் இல்லை. அடுத்த வாரம் திருவொற்றியூரில் ஒரு தேர்தல் கூட்டம் கிடைத்தது. போனேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. மேடையேறிப் பழைய பேச்சையே பேசினேன். தைரியம் என்ற இடம் வந்ததும் நாக்கு எழவில்லை. அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வழக்கமான இடத்தில் கைதட்டினார்கள்.