ரெண்டு மில்லி தள்ளி இருந்த நாலு வீல்

காருக்கு வீல் மாட்டுகிற தொழிலில் கஸ்டமர் கேட்டதை மாட்டினால் நல்லவன், மாட்டாது என்று சொன்னால் வேலை தெரியாதவன். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

நான் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்தவன். ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள், போரடித்தது, அவ்வளவுதான். கடை செங்கல்பட்டு பைபாஸை ஒட்டி இருக்கிறது. முதலாளி மூர்த்தி அண்ணன். வீல் பேலன்ஸ் மிஷினில் டேவிட். மிச்ச வேலை எல்லாம் நான். எட்டாம் நம்பர் காலை வைத்துக்கொண்டு ஏழாம் நம்பர் செருப்பு கேட்கிறவர்களிடம் நீங்களும் மாரடித்திருந்தால் நான் சொல்வது புரியும். ஒரே வித்தியாசம், செருப்பு சேராவிட்டால் காலைக் கடிக்கும். வீல் சேராவிட்டால் ஓடுகிறபோது கழன்று போகும், உள்ளே ஆள் இருப்பான்.

ஒரு ஓட்டை எக்ஸ்ட்ரா

அச்சரப்பாக்கத்தில் விதைக்கடை வைத்திருக்கிற ஒருத்தர் பளபளவென்று நாலு அலாய் வீலோடு வந்தார். மைத்துனர் கொடுத்ததாம். வண்டியில் ஒரு வீலுக்கு நாலு நட்டு. அவர் கொண்டுவந்த வீலில் அஞ்சு ஓட்டை. பார்த்த உடனே சேராது என்று சொல்லிவிட்டேன். மாட்டிப் பார்க்காமலே எப்படிச் சொல்வாய் என்று கோபித்துக்கொண்டார். சரி என்று தூக்கி வைத்துக் காட்டினேன். ஒரு போல்ட் ஓட்டையில் நுழைந்தால் மற்ற மூன்று இடத்திலும் இரும்புதான் தெரிந்தது. அவரே உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளை வேட்டியோடு, வீலை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார். வேட்டி கறுப்பானதுதான் மிச்சம்.

எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "நாலு நட்டுக்கு அஞ்சு ஓட்ட கீது. ஒண்ணு எக்ஸ்ட்ராவா கெடந்துட்டுப் போவட்டுமே தம்பி, உனக்கு இன்னா கஷ்டம்?"

ஜெகன்

அஞ்சு ஓட்டைக்காரர்கூட பரவாயில்லை. சேராதது கண்ணுக்குத் தெரியும். சேர்வது மாதிரியே இருந்து சேராத வீல்தான் ஆளைக் கொல்லும். அப்படி ஒரு செட்டோடு வந்தவன்தான் ஜெகன். கல்பாக்கம் டவுன்ஷிப் பையன், என்னைவிட நாலஞ்சு வயது மூத்தவன். இந்தியாவை விட்டே போய்விட்ட ஒரு இத்தாலிக்காரக் கம்பெனியின் பழைய காரை வாங்கியிருந்தான். அதற்கு டிராக் ரேஸ் வீல் மாட்ட வேண்டுமாம். நேர் ரோட்டில் ரெண்டு வண்டி நின்ற இடத்திலிருந்து ஒரே மூச்சில் பறப்பதுதான் டிராக் ரேஸ். அதற்கான வீலே தனி. ரெண்டு நல்ல அகலம், மற்ற ரெண்டும் சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி ஒல்லி. சென்னையில் யாரோ ரேஸ் காரைப் பிரித்து விற்றபோது வாங்கியிருக்கிறான். பட்டிபுலம் பையன் ஒருத்தனோடு, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு விடியற்காலை, மாமல்லபுரம் தாண்டி ஈசிஆர் கடற்கரை ரோட்டில் பந்தயம்.

நாலு போல்ட், நாலு ஓட்டை. பார்வைக்கு ஜோடிப் பொருத்தம். முதல் போல்ட் சுகமாக இறங்கியது. எதிரில் இருந்தது ரெண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது. அளந்து பார்த்தேன். எதிரெதிர் ஓட்டைக்கு நடுவே வண்டியில் தொண்ணூற்றெட்டு மில்லி, வீலில் நூறு. முறுக்கித் திணித்தால் இறங்கும். ஆனால் போல்ட்டின் தலை குழியில் முழுசாக உட்காராது, ஒரு ஓரத்தில் தொத்திக்கொண்டு நிற்கும், ஓட ஓட ஆடும், ஒருநாள் உடையும். இதை எல்லாம் விளக்கமாகச் சொன்னேன்.

அளவுகோலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு மில்லி ப்ரோ. என் போன்ல ஸ்கிரீன் கார்டே அதைவிடத் தள்ளிதான் ஒட்டியிருக்கு."

அகலம் முன்னாடியா பின்னாடியா

மறுநாளும் வந்தான். சேருமா சேராதா என்பதை அப்புறம் பார்க்கலாம், எது முன்னாடி எது பின்னாடி என்பதை முதலில் முடிவு பண்ணலாம் என்றான். போனில் வெளிநாட்டு ரேஸ் கார் படம் வைத்திருந்தான். அதில் பின்னாடி அகலம், முன்னாடி ஒல்லி. அந்தக் காரை பின்சக்கரம் தள்ளுகிறது, உன் காரை முன்சக்கரம் இழுக்கிறது, அகலம் முன்னாடிதான் வர வேண்டும் என்றேன். அப்படி மாட்டினால் வண்டி தவளை மாதிரி இருக்கும் என்றான். ஒல்லியை முன்னாடி போட்டால் டயர் ரோட்டில் வழுக்கிக்கொண்டு சுற்றும், நீ நின்ற இடத்திலேயே புகை விடுவாய் என்றேன். அரை மணி நேரம் கத்தினோம்.

பன் தின்றுகொண்டிருந்த டேவிட் தலையைத் தூக்கிச் சொன்னான்: "எப்டியும் மாட்டப் போறதில்ல. அத்த முன்னாடி மாட்டாம வுட்டா இன்னா, பின்னாடி மாட்டாம வுட்டா இன்னா?"

ஸ்டாஃப் பஸ்ஸில் வந்தவர்

அந்த வாரமே ஒருவர் கடை வாசலில் தயங்கித் தயங்கி நின்றார். ஆபீஸ் சட்டை, பாக்கெட்டில் அடையாள அட்டை. ஜெகனின் அப்பா என்றார். ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்திருக்கிறார். அந்த வீல் சேருமா என்று கேட்டார். சேராது என்றேன். நிச்சயமாகவா? நிச்சயமாக. போட்டு ஓட்டினால்? கழன்று போகும் என்றேன். எனக்கு மென்று விழுங்கத் தெரியாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தபிறகுதான் கொஞ்சம் மென்றிருக்கலாம் என்று தோன்றியது.

எனக்கும் சேர்த்து டீ சொன்னார். பையனிடம் தான் எது சொன்னாலும் பயந்தாங்கொள்ளி என்கிறானாம். இருப்பது ஒரே பையன். டீயை அவர் குடிக்கவே இல்லை.

"நீங்க முடியாதுன்னு சொன்னா கேட்பான் தம்பி. வீட்ல உங்களைப் பத்திதான் பேச்சு, வீல் கடைப் பையன் நல்லாத் திட்டறான்னு."

முடியாது

சொன்னேன். ஜெகன் அடுத்த தடவை வந்தபோது முகத்தைப் பார்த்தே, முடியாது, செத்துப் போவாய் என்று சொன்னேன். வழியே இல்லாமல் இல்லை. வண்டிக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கிற தட்டு ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கினால் இந்த வீலை ஒழுங்காகவே மாட்டலாம். அதற்கு மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் என்றதும் சிரித்தான். பட்டிபுலத்துக்காரன் காத்திருப்பானா என்றான். மூர்த்தி அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா, வர்ற ஆளையெல்லாம் வெரட்டிகினு கீற? கட என்னுதா, உன்னுதா?" என்று கேட்டார். ஜெகன் வீலை டிக்கியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு ரெண்டு பரோட்டா அதிகமாகத் தின்றேன்.

மறுநாள் மத்தியானம் அதே வீல் மாட்டிய காரில் வந்து இறங்கினான். திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் வட்ட அரம் போட்டு ஓட்டைகளை ராவி அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டையும் கோழி முட்டை மாதிரி நீண்டிருந்தது. அகல வீல் மட்டும் முன்னாடி இருந்தது. நான் சொன்னதில் அதை மட்டும் கேட்டிருந்தான்.

"நீ ஒரு வாரமா முடியாது முடியாதுன்னதை அவர் அரை மணி நேரத்துல முடிச்சிட்டார் ப்ரோ."

ஜீரோ ஜீரோ

அவன் வந்தது பேலன்சிங் செய்ய. கழற்றினதும் திரும்ப மாட்டாதே என்று நான் டேவிட்டிடம் சொன்னேன். மாட்டினவன் வேற, நம்ம வேலை பேலன்சிங், அத்தோட வுடு என்றார் மூர்த்தி அண்ணன். இங்கே ஒரு விஷயம் தெரிய வேண்டும். பேலன்ஸ் மிஷின் வீலை அதன் நடு ஓட்டையில் பிடித்துச் சுற்றும். போல்ட் ஓட்டை எங்கே இருக்கிறது, வட்டமா முட்டையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. நாலு வீலும் ஏறிச் சுற்றின. சின்னச் சின்ன ஈயத்துண்டு ஒட்டியதும் நாலுக்கும் திரையில் ஜீரோ ஜீரோ என்று பச்சையில் வந்தது.

ஜெகன் அதைப் படம் பிடித்து அங்கேயே அப்பாவுக்கு அனுப்பினான். இந்த ஜீரோவுக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. எங்கள் கடை மிஷின், எங்கள் கடைத் திரை. நானே சரி என்று சொல்லி அனுப்பியதாகத்தான் அந்த மனிதர் நினைத்திருப்பார். அவர் நம்பரை ஜெகனிடம் கேட்டேன், தரவில்லை. போனை மட்டும் என் மூக்குக்கு நேராகக் காட்டினான். ரெண்டு கை கூப்பிய பொம்மை.

"அப்பாவே கும்பிடு போட்டுட்டார் ப்ரோ, நீ இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

ஒரு ரவுண்டு

அண்ணன் பேச்சைக் கேட்டு டேவிட் நாலையும் திரும்ப மாட்டிவிட்டான். ஏறு, ஒரு ரவுண்டு போய் வரலாம், அப்புறம் சொல் என்றான் ஜெகன். ஏறியிருக்கக் கூடாது. ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அவனுக்கே புரியும் என்று ஒரு நப்பாசை. திருக்கழுக்குன்றம் ரோட்டில் அறுபது தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. எண்பதில் டேஷ்போர்டில் இருந்த சாமி படம் நகர்ந்து நகர்ந்து என் மடியில் வந்து விழுந்தது. ஜெகன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். காலுக்குக் கீழே டக்டக்கென்று வந்த சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக.

நிறுத்துடா என்று கத்தினேன். நிறுத்தினான். இறங்கி, இது கழன்று போகும், நான் உன்னைப் பயமுறுத்தவில்லை, நடக்கப் போவதைச் சொல்கிறேன் என்றேன். அவன் ஒரு நிமிடம் வீலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். நீங்களும் ஒரு கஸ்டமரை அப்படி ஒரு நிமிடம் நம்பியிருப்பீர்கள்.

"ரோடு சரியில்ல ப்ரோ. ஈசிஆர்ல இப்படி ஆடாது."

நான் ஷேர் ஆட்டோவில் கடைக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் மூர்த்தி அண்ணன் போன் பண்ணி, வண்டி தூக்கும் லாரியோடு கடற்கரைப் பக்கம் போகச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ரோட்டில் தார் கிழிந்து ஒரு நீளக் கோடு. அது முடிந்த இடத்தில் சவுக்குத் தோப்புக்குள் மூக்கை விட்டு நின்றது கார். முன் இடது பக்கம் வீல் இல்லை. போல்ட் மூன்று தலை போய் உள்ளேயே நின்றிருந்தது. நாலாவதைக் காணோம். வீல் ரோட்டைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கம் கழிமுகத் தண்ணீருக்குள் போய்விட்டதாம். இளநீர்க்காரர் பார்த்திருக்கிறார்.

ஜெகன் உயிரோடு இருந்தான். கால் ரெண்டு இடத்தில் முறிந்து செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். லாரியில் காரைக் கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒல்லி வீல் முன்னாடி இருந்திருந்தால் டயர் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றியிருக்கும், போல்ட்டுக்கு அவ்வளவு அடி விழுந்திருக்காது. அகல வீல் ரோட்டைக் கவ்விப் பிடித்தது, பிடித்த வேகத்தில் போல்ட் போய்விட்டது. நான் சொன்ன எல்லாவற்றிலும் அவன் கேட்ட ஒரே விஷயம்.

பட்டிபுலம் பையன் அங்கே நின்றிருந்தான். மீசை சரியாக முளைக்காத பையன். ஜெகனைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்திருந்தான், சட்டையெல்லாம் ரத்தம். நான் லாரியில் ஏறியதும் ஜன்னல் பக்கம் வந்தான்.

"ஸ்டார்ட்ல அவருதான் முன்னாடி போனாரு அண்ணா. அத்த மட்டும் அவராண்ட சொல்லிடுங்க."

மூன்று வீல்

ரொம்ப நாள் கழித்து ஜெகனின் அப்பா வந்தார். இந்தத் தடவை ஆட்டோவில். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. பையன் கம்பு ஊன்றி நடக்கிறான், இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி, இனிமேல் கார் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான் என்றார். அந்த ஜீரோ படத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஆட்டோ பக்கம் போய்விட்டார். டிரைவரும் அவரும் சேர்ந்து ஒவ்வொன்றாக இறக்கி வாசலில் சாய்த்து வைத்தார்கள். மூன்று வீல். முட்டை ஓட்டையோடு.

இதை யாரும் போடக்கூடாது சார், ஓட்டை போய்விட்டது, பழைய இரும்புக்குத்தான் போகும் என்றேன். இரும்பு விலைக்குப் போனால் மருந்துக்குக்கூட ஆகாது என்றார். என் தோளில் கை வைத்தார். முன்னே ஒருநாள் டீ சொன்னபோது இருந்த அதே குரல்.

"பார்க்கப் புதுசாத்தானே இருக்கு தம்பி. ஓட்டையை அடைச்சு, அந்த ரெண்டு மில்லியை எப்படியாவது சரிபண்ணி, வேற யாராவது பையன் கேட்டு வந்தா மாட்டி விட்ருங்க."

முடியாது என்று சொல்வதற்கு எந்தக் கடையிலும் கூலி கிடையாது, நான் இத்தனை நாளில் செய்த ஒரே உருப்படியான வேலை அது ஒன்றுதான், அதையும் இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் எடுத்துக்கொண்டு போனதில்லை.