முகம் பார்க்கும் தரையில் அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை, என் அக்கா எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றாள். வயசான ஒரு மனுஷி கூடத்தில் நின்றாள் என்பதற்கு ஒரு பத்தியா என்று கேட்பீர்கள். கேளுங்கள்... ஆபீஸில் பெரிய துரை கூப்பிட்டு விட்டபோதுகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை!

முதலில் அக்காவைச் சொல்லி விடுகிறேன். எழுபதைத் தாண்டியவள். அத்திம்பேர் காலமானதும் திருநெல்வேலியை விட்டு இங்கே, கோட்டைக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே சமையலறையைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு, இடுப்பில் குடத்தோடு கூடத்தைத் தாண்டி, ஒரு படி இறங்கிச் சமையலறைக்குள் போவாள். சமையல் முடியும்வரை மடி. குளிக்காதவர்கள் யாரும் தொடக் கூடாது. தொட்டால் மறுபடியும் கிணற்றடிக்குப் போக வேண்டியதுதான்.

இனித் தரை. பழைய செங்கல் தரை பெயர்ந்து கிடந்தது. இந்த ஊரில் இப்போது சிவப்புச் சிமிண்டு மோகம் அல்லவா? என் மனைவி கோமதிக்கும் அந்த ஆசை வந்தது. எனக்கு மட்டும் இல்லையா என்ன? சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சிமிண்டும் சிவப்புப் பொடியும் வாங்கினோம். பொன்னையா மேஸ்திரி நாள் கணக்காகத் தேய்த்து, எண்ணெய் விட்டு மெருகேற்றினார். தரையில் முகம் பார்த்து க்ஷவரம் செய்துகொள்ளலாம்! கூடத்துப் படிக்கும் அதே சிவப்பு. தரையின் அழகை மறைக்கிறதே என்று கூடத்திலிருந்த நெல் பத்தாயத்தைப் பின்கட்டுக்குத் தள்ளினோம்.

அதன் பிறகுதான் அக்காவின் நடை மாறியது. கால் விரலால் தடவித் தடவி நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "வயசாயிடுத்து" என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். "இனிமே சமையலை நான் பார்த்துக்கறேன், அக்கா உட்காரட்டும்" என்றாள் கோமதி, நல்ல எண்ணத்தோடுதான். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அடுப்படி போய்விட்டால் அவளுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடும் விருந்தாளி, அவ்வளவுதானே?

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். நான் சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன். பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் விழுந்து கூடம் முழுக்கத் தகதகவென்று மின்னுகிறது. நடுவில் அக்கா. புடவையிலிருந்து நீர் சொட்டி அவள் காலடியில் தேங்கி நிற்கிறது. வலது கால் விரல் முன்னால் எதையோ தேடுகிறது.

"என்ன அக்கா?"

"படி எங்கேடா இருக்கு? எல்லாம் ஒரே ஜலமா மின்னறது. எது தரை, எது படின்னு தெரியலையே..."

பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"தொடாதே! கடைத்தெருவிலே ஊர்ப்பட்ட பேரை இடிச்சுண்டு வந்திருக்கே. நீ தொட்டா நான் திரும்பக் குளிக்கணும். குளிச்சுட்டுத் திரும்ப இதே தரை மேலே நடந்து வரணும். வேண்டாம்டா."

"குடத்தையாவது கீழே வையேன்" என்றேன். குனியப் பார்த்தாள். இடது பாதம் வழுக்கென்று நகர்ந்தது. குடத்து நீர் தளும்பிக் கொட்டியது. இந்த வயசில் இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் படுக்கைதான்.

சத்தம் கேட்டுக் கோமதி வந்தாள். அவளும் இன்னும் குளிக்கவில்லை. "அக்கா, வெப்ராளப்படாதேங்கோ, அப்படியே நில்லுங்கோ" என்று பதறியவள், மூலையிலிருந்த நீளக் கம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். உயரத்துக் கொடியிலிருந்து மடிப் புடவையை எடுக்கிற கம்பு அது. அதற்குத் தீட்டு கிடையாது. குளிக்காதவர்கள்கூட அதனால் புடவையை எடுக்கலாம். நான் சமையலறை வாசலோரம் போய் நின்று, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை நீட்டினேன். அக்கா அப்போதும் ஒரு கணம் யோசித்தாள். பிறகு பிடித்தாள்.

"வா அக்கா... மெதுவா... இன்னும் கொஞ்சம்..."

வந்தாள். சமதரை என்று நினைத்துக் காலை வைத்தாள். அங்கேதான் படி! பதற்றத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கம்பை வீசிவிட்டுப் பாய்ந்து பிடித்தேன். இருவருமாக விழுந்தோம். குடம் கணகணவென்று உருண்டு போயிற்று. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"அக்கா, காலை அசைச்சுப் பாருங்கோ" என்றாள் கோமதி.

ஒரு கால் அசைந்தது. காத்திருந்தோம். மற்றதும் அசைந்தது. கோமதி அழுதுவிட்டாள். நானும்தான்... சொல்ல என்ன வெட்கம்?

அக்கா கண்ணைத் திறந்து முதலில் சொன்னது: "தொட்டுட்டயே!"

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள், மறுபடி குளிக்கப் போவதற்கு! "இன்னிக்கு ஒரு நாள் உட்காரேன்" என்று கெஞ்சினேன். "இன்னிக்கு உட்கார்ந்தா நாளைக்கும் உட்காருன்னுதான் சொல்லுவேள். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

கோமதி வெளியே போனாள். தரை வேலையில் மீந்த ஆற்று மணலைக் கூடை நிறையக் கொண்டுவந்தாள். ஆசை ஆசையாகப் போட்ட தரை மேல் அள்ளி அள்ளி இறைத்தாள். அக்கா குளித்துவிட்டு அந்த மணல் மேல் நறநறவென்று நடந்து சமையலறைக்குப் போனாள். அன்றைக்கு ரசம் கொஞ்சம் உப்பு. இரண்டு பேரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

மறுநாள் மேஸ்திரியை வரவழைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஸாரே, என் கையால போட்டதை என் கையாலயே கொத்தச் சொல்லுதியளே, ஒங்களுக்கு மனசு வருதா?" வரவில்லைதான். ஆனாலும் கொத்தச் சொன்னேன். தரை முழுக்கச் சொரசொரவென்று கோடுகள். படி விளிம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. பத்தாயமும் பழைய இடத்துக்கே வந்தது. முன்பெல்லாம் அதன் மேல் கை ஊன்றித்தான் அக்கா படிப் பக்கம் திரும்புவாளாம். எங்களுக்கு அது நெல் வைக்கிற பெட்டி!

வயசானவர்கள் தடுமாறினால் அவர்கள் காலைத்தான் குறை சொல்கிறோம். அந்தக் கால் எதன் மேல் நிற்கிறது என்று யார் குனிந்து பார்க்கிறோம்? நீங்கள் பார்த்ததுண்டா?

நேற்று ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "என்ன ஸார், முதல் தரமான தரையை இப்படிப் பாழ் பண்ணிட்டேளே! யாராவது பார்த்தா என்ன நினைப்பா?"

அக்கா அப்போதுதான் குடத்தோடு கூடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. கீழே பார்க்கக்கூட இல்லை.

"பாழாத்தான் போயிடுத்து ஸார்" என்றேன். "கொஞ்சம் நகருங்கோ... அக்காவுக்கு வழி விடுங்கோ!"