ஜெபமலர் டீச்சரின் வெள்ளிக்கிழமைகள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், பாதி வழியில், வயலைப் பார்த்தபடி ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது. அதுதான் பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டர் தாணுமாலயனும் இன்னொரு வாத்தியாரும் மேல் வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பு ஜெபமலருக்கு. அந்த வகுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. மூக்கு ஒழுகும், அம்மையைத் தேடி அழும், உட்கார்ந்த இடத்தை ஈரமாக்கிவிட்டு முழிக்கும் பிள்ளைகள். ஜெபமலர் அதைக் கேட்டு வாங்கினாள்.

அவளுக்குச் சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம். பாளையங்கோட்டையில் டிரெயினிங் படித்தவள். கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே புருஷன் ஏசுதாசன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. தங்கை தங்கபுஷ்பம் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டாள். ஜெபமலர் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தானே பொங்கித் தானே தின்று இருந்தாள். கேட்டவர்களிடம், தனக்கு வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லுவாள்.

ஒரு வாரத்தை அவள் பிரித்து வைத்திருந்த விதமே தனி. திங்கட்கிழமை மணல். சிற்றாற்று மணலைச் சலித்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து எழுத்தை இழுத்துக் காட்டுவாள். இழுக்கும்போதே எழுத்தைச் சத்தமாகச் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை புளியங்கொட்டை; கூட்டிவைக்கிறதும் குறைக்கிறதும். புதன்கிழமை பாட்டும் கும்மியும். வியாழக்கிழமை வகுப்பே வெளியே கிளம்பும். வரப்பில் வரிசையாக நடந்து இலை பொறுக்கும். எந்த இலை எந்த மரத்தது என்று கண்டுபிடிக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமைதான் பிள்ளைகளுக்கு உயிர். அன்று புத்தகமும் இல்லை, சிலேட்டும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நின்று அந்த வாரம் வீட்டிலும் வழியிலும் கண்டதைச் சொல்லவேண்டும். பசு கன்று போட்டதைச் சொல்லும். அப்பாவும் சித்தப்பாவும் அடித்துக்கொண்டதைச் சொல்லும். அருவிக்கு வந்த சீமைத் துரை வழுக்கி விழுந்ததை விழுந்தே காட்டும். முதலில் தாணுமாலயனுக்கு இது பிடிக்கவில்லை. ஊர் வம்பைப் பள்ளிக்கூடத்தில் வளர்க்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஜூன் மாதம் வாயே திறக்காமல் வந்த பிள்ளைகள் தை மாதத்தில் நிறுத்தாமல் பேசுவதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்தில் மலையடிக் காய்ச்சல் புதிதில்லை. ஒரு வருஷம் மழை முடிந்ததும் ஜெபமலரையும் பிடித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பல் கிட்டித்துப்போகிற மாதிரி குளிர் வரும். பிறகு மேலெல்லாம் கொதிக்கும். அந்தக் காய்ச்சலுக்குத் தபாலாபீஸில் கொயினா மருந்துப் பொட்டலம் விற்றார்கள். அதை வாங்கித் தின்றாள். வகுப்புக்கு லீவு போட மனமில்லாமல், சொன்ன அளவுக்குமேல் தின்றாள். காய்ச்சல் நின்றது. காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. அருவிக்கரையில் போய் நின்றாற்போல எந்நேரமும் இரைந்துகொண்டே இருந்தது.

பலவீனம், போகப் போகச் சரியாகும் என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு திங்கட்கிழமை மணலில் ‘கி’ எழுதச் சொன்னபோது, பிள்ளைகள் சொன்னது கியா, சியா, தியா என்று அவளுக்குப் பிரியவில்லை. மூன்றும் ஒன்றாகவே கேட்டன. திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பவும் அப்படித்தான் கேட்டது.

தங்கபுஷ்பம் வந்து பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டாள். யாரோ சொன்னார்கள் என்று எருக்கிலையை வாட்டிப் பிழிந்தும் விட்டாள். தென்காசியில் ஒரு டாக்டரிடமும் போனார்கள். அவர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதுப் பக்கம் பிடித்தார். பிறகு அவள் காதோடு வாயை வைத்து, நரம்பு பட்டுப்போய்விட்டது, கொயினா கூடினால் சில பேருக்கு இப்படி ஆகும், இதற்கு மருந்து கிடையாது என்று உரக்கச் சொன்னார். அவ்வளவு உரக்கச் சொல்லியும் பாதிதான் கேட்டது. மீதியைத் தங்கை வழியில் சைகையில் சொன்னாள்.

அவள் இதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பு போய்விடும். வகுப்பு போனால், தங்கை வீட்டு அடுப்படியில் ஒரு மூலை. அதனால் உள்ளதை வைத்துச் சமாளித்தாள். மணலும் புளியங்கொட்டையும் கண்ணால் பார்க்கிற வேலைதானே. புதன்கிழமை மேசையில் உள்ளங்கையால் தாளம் போட்டுக்கொண்டு பிள்ளைகளின் வாயைப் பார்ப்பாள். கூப்பிட்டால் டீச்சர் திரும்பமாட்டாள் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுகொண்டன. ஆனால் ஏன் என்று கேட்கிற வயசு இல்லை. வேண்டுமானால் வந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தன. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் டீச்சரை இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டன போல.

வெள்ளிக்கிழமைக்குத்தான் வழி இல்லை. நிறுத்திவிடலாம் என்று பல தடவை நினைத்தாள். வியாழக்கிழமை சாயங்காலமே, நாளைக்கு என்ன சொல்லப்போகிறோம் என்று பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் மனசு வராது. முகத்தைப் பார்த்தே பதில் சொல்லப் பழகினாள். சிரித்துக்கொண்டு சொன்னால் சிரித்தாள். அழுகிற முகமாக இருந்தால் பக்கத்தில் அழைத்துத் தலையைத் தடவினாள். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. அது ஒன்றுதான் அவளுக்கு இருந்த தைரியம்.

ஆடி மாதம். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை, முன்பல் இரண்டும் விழுந்த பரீது மாமா வீட்டு ஆட்டைப் பற்றி ஏதோ சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்துவிட்டு உட்கார்ந்தான். அடுத்தது இசக்கி.

இசக்கி வண்டிக்காரன் சுடலையாண்டியின் மகள். சுடலையாண்டி நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு புளியரை வழியாக மலையாளத்துக்குப் போவான். போனால் திரும்ப நாள் ஆகும்; அப்போதும் போயிருந்தான். பெண்டாட்டி குருவம்மாளும் பிள்ளையும் ஊரைவிட்டுத் தள்ளி ஒரு தென்னந்தோப்பில் காவல் குடிசையில் இருந்தார்கள். பக்கத்தில் வீடு கிடையாது. இசக்கி கூச்சக்காரி. யார் எது கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். பேச எழுந்தால் அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கவே இறங்காது.

அன்றும் பாவாடையை இரண்டு கையாலும் திருகிக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் சொன்னாள். ஜெபமலர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அம்மை’ என்ற சொல் ஒன்று பிடிபட்டது. அம்மை ஏதோ பலகாரம் செய்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டாள்.

இசக்கி முடித்தாள். ஜெபமலர் சிரித்து, ரொம்ப நன்றாக இருந்தது, உட்காரு என்று சொல்லிக் கையைத் தட்டினாள். டீச்சர் தட்டினால் வகுப்பும் தட்டவேண்டும். அன்று இரண்டு மூன்று கைதான் எழுந்தது. மற்றப் பிள்ளைகள் இசக்கியைப் பார்த்தன. பிறகு டீச்சரைப் பார்த்தன. இசக்கி உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். பரீது எழுந்து வந்து சேலைத் தலைப்பை இழுத்து என்னவோ சொன்னான். வெளியே போகக் கேட்கிறான் என்று நினைத்துப் போகச் சொன்னாள். அவன் போகாமல் நின்றான். அதற்குள் மணி அடித்திருக்கவேண்டும். மேல் வகுப்புப் பிள்ளைகள் நனைந்துகொண்டு ஓடுவது ஜன்னலில் தெரிந்தது.

திங்கட்கிழமை இசக்கி வரவில்லை. மழைக்கு நின்றிருப்பாள் என்று ஜெபமலர் நினைத்தாள். மணலில் அவள் இடத்தைக் காலியாக விட்டே மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்தாள்.

வாரக் கடைசியில் சுடலையாண்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தான். தலை மழித்திருந்தது. தாணுமாலயன் அவனைக் கூட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்பு வாசலுக்கு வந்தார். ஜெபமலர் வெளியே வந்தாள். சுடலையாண்டி சத்தம் போடுகிற ஆளாகத் தெரியவில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெதுவாக ஏதோ பேசினான். ஹெட்மாஸ்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பேச்சை முடித்துவிட்டு இருவரும் ஜெபமலரைப் பார்த்தார்கள். பதில் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. இந்தத் தடவை முகத்தை வைத்து எதையும் சொல்லிவிட அவளுக்குப் பயமாக இருந்தது.

தாணுமாலயன் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கவேண்டும். வகுப்புக்குள் எட்டி ஒரு பிள்ளையின் சிலேட்டை எடுத்தார். எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

குருவம்மாள் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று எழுதியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். அம்மைக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை, தண்ணீர் கொடுத்தாலும் வாய் திறக்கவில்லை என்று வெள்ளிக்கிழமை வகுப்பில் பிள்ளை சொன்னதாம். துடைத்தார். நீங்கள் சிரித்துக் கைதட்டி உட்காரச் சொன்னீர்களாம். ஏன் என்று கேட்கிறான்.

ஜெபமலர் மூன்றாவது தடவை எழுதினதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு சுடலையாண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்குக் காது கேக்காது அண்ணாச்சி. பிள்ளை சொன்னது எனக்குக் கேக்கல. சிரிச்ச மொகமா இருந்துச்சு, நல்ல சேதின்னு நெனச்சிட்டேன்.”

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கத்திச் சொன்னாளா, உதட்டுக்குள் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. வகுப்புக்குள் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்ததிலிருந்து, கத்தியிருக்கவேண்டும் என்று புரிந்துகொண்டாள்.

சுடலையாண்டி ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். ஒரு வார்த்தைதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கி நடந்தான். அவன் என்ன சொன்னான் என்று ஜெபமலர் கேட்டாள். தாணுமாலயன் சிலேட்டைத் துடைத்துப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகும் பல தடவை கேட்டாள். அவர் சொல்லவே இல்லை.

மிச்சமெல்லாம் மெதுவாக வந்து சேர்ந்தது. பரீது அன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் உம்மா அதை ஜெபமலரிடம் வந்து, கையையும் வாயையும் அசைத்து, அழுதுகொண்டே சொன்னாள்: “டீச்சர்ட்ட பிள்ளை சொல்லிட்டுல்லா, அவுக ஆள் அனுப்பிப் பாத்துக்கிடுவாகன்னு இருந்துட்டேம்மா.” இதே மாதிரி இன்னும் இரண்டு வீட்டில் நினைத்திருந்தார்கள். வகுப்பு முழுதும் கேட்ட சேதி. கேட்டவர்கள் எல்லாரும் டீச்சர் இருக்கிறாள் என்று சும்மா இருந்துவிட்டார்கள். சனியும் ஞாயிறும் இசக்கி அந்தக் குடிசையில் அம்மையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். டீச்சரிடம் சொன்னதால் யாராவது வருவார்கள் என்று இருந்தாளோ என்னவோ. வெள்ளிக்கிழமையே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருப்பாளா என்று யாரும் சொல்ல முடியாது. ஜெபமலரைத் தேற்றுகிறதற்கு எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

தாணுமாலயன் அவளை உடனே போகச் சொல்லவில்லை. வேறு டீச்சர் வருகிறவரை இருக்கும்படி எழுதிக் காட்டினார். அவள் இருந்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் நடந்தன. வெள்ளிக்கிழமை வந்தபோது பிள்ளைகளிடம் சிலேட்டை எடுக்கச் சொன்னாள். அவை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தன. “நீங்க சொல்லுததக் கேக்க இனிமே புது டீச்சர் வருவாக. எனக்குக் கேக்காது” என்றாள். ஒரு பிள்ளை அழுதது. எதற்கு அழுதது என்று அவளால் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

சுடலையாண்டி மகளை வீரகேரளம்புதூரில் தன் அக்காள் வீட்டில் விட்டுவிட்டான். வேலையை விட்டதும் ஜெபமலர் அங்கே போனாள். இசக்கி வாசலில் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளைவிட அந்தக் குழந்தை பெரிதாகத் தெரிந்தது. டீச்சரைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னவோ சொல்லத் தொடங்கினாள். ஜெபமலர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. “எனக்குக் கேக்கலட்டி. நீ என்ன சொல்லுதன்னு தெரியல” என்றாள். இசக்கி நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் மெதுவாகச் சொன்னாள். அதற்குள் அத்தைக்காரி உள்ளேயிருந்து கூப்பிட்டிருப்பாள் போல, பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஜெபமலர் போனாள். அங்கிருந்த வாத்தியாரிடம், தன் காது சங்கதியை முதலிலேயே சொல்லிவிட்டு, இந்தப் பிள்ளையை எப்படியாவது சேர்த்துக்கொள்ளவேண்டும், நல்ல பிள்ளை, அரிச்சுவடியில் பாதி தெரியும் என்று கேட்டுக்கொண்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பலகையில் ‘பார்க்கலாம்’ என்று எழுதினார். வேறென்ன கேட்பது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறு வருஷம் பழைய துணிகளில் ஒரு பாவாடை தைத்து எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். வண்டி மாட்டோடு குடும்பமே கிழக்கே பிழைக்கப் போய்விட்டதாக ஒருவர் கையால் காட்டினார். எந்த ஊர் என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

அதன்பிறகு ஆலங்குளத்தில் தங்கை வீட்டில்தான் இருந்தாள். துணி தைத்தாள், அரிசி புடைத்தாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். தெருவில் சிலர் தங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்படி வந்து கேட்டார்கள். காது கேட்காவிட்டால் என்ன, எழுதப் பழக்கினால் போதும் என்றார்கள். தங்கபுஷ்பமும் சொல்லிப் பார்த்தாள். ஜெபமலர் மாட்டேன் என்றுவிட்டாள். உலக யுத்தம் நடந்த வருஷங்களில் அரிசி கிடைக்காமல் வீடு கஷ்டப்பட்டபோதும் அதற்கு மட்டும் இணங்கவில்லை. யாராவது பிள்ளை வாசலில் வந்து நின்று அவளைப் பார்த்து எதையாவது சொல்லத் தொடங்கினால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் தங்கையைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடுவாள். பிள்ளை என்னவோ சொல்லுது, வந்து கேளு, சீக்கிரம் வந்து கேளு என்று அவள் கையைப் பிடித்து இழுப்பாள். தங்கபுஷ்பம் வந்து பார்க்கும்போது பெரும்பாலும் பிள்ளை போயிருக்கும்.